செவலையின் கண்ணீரைக் குடித்த பூச்சி

மாட்டின் கண்ணீர் உப்புக் கரிக்கும். பதினொரு வயதில் அதை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நம் கண்ணீரைவிடச் சற்றுக் கொழகொழப்பாக, பச்சைப் புல்லின் வாடையும் கொட்டகைப் புகையின் கசப்பும் சேர்ந்து, விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நாக்கிலேயே தங்கும் ஒரு கரிப்பு. உனக்கென்ன பைத்தியமா என்று கேட்பீர்கள். தினமும் பொழுது சாய்ந்ததும் ஒரு பூச்சி எங்கிருந்தோ பறந்து வந்து, எங்கள் செவலைப் பசுவின் கண்ணோரத்தில் உட்கார்ந்து, அதை அத்தனை ஆசையாகக் குடித்துவிட்டுப் போனது. அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது, பார்த்தேன், அவ்வளவுதான்.

மலாக்கா டவுனில், காஜா பேராங்கில், மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. அப்பா ரெங்கசாமி பால்காரர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு ஒற்றைப் பசுவோடு டவுனுக்கு வந்து, எனக்கு விவரம் தெரிந்தபோது ஐந்து மாடுகளுக்குச் சொந்தக்காரராகியிருந்தார். விடிவதற்கு முன் கறந்து, பீர் போத்தல்களில் ஊற்றி, வாழையிலைச் சுருளால் வாயை அடைத்து, சைக்கிளின் பின்பெட்டியில் அடுக்கிக்கொண்டு டவுனுக்குப் போவார். ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயில் அபிஷேகத்துக்கு ஒரு போத்தலை வைத்துவிட்டுத்தான் மற்ற வீடுகளின் பக்கம் திரும்புவார். பாலில் தண்ணீர் கலக்காதவர் என்று அவருக்கு ஊரில் பெயர். பேச்சிலும் அப்படித்தான். "இன்னிக்குக் கன்னுக்குட்டி முட்டிக் குடிச்சிருச்சுங்க, பாலு கொறச்சல்தான்" என்று வாசலில் நின்று உள்ளதைச் சொல்லிவிடுவார். மழையின் மேலோ சைக்கிளின் மேலோ பழியைப் போட அவருக்கு வராது.

அந்த வருஷம் பங்குனியில் அம்மா இறந்துபோனார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர், பிள்ளையும் பிழைக்காமல் தானும் பிழைக்காமல் வேனில் திரும்பி வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். "அழுதுடு புள்ள, அழுவாட்டி நெஞ்சுல கட்டிக்கும்" என்று ஒருத்தி என் தோளைக் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது. கிள்ளிய இடம் வலித்தது, அழுகை வரவில்லை. அப்பாவும் அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுச் சோறாக்கினேன், சாணி வாரினேன், புல்லுக்கட்டு அவிழ்த்துப் போட்டேன். மூன்று நான்கு மாதம் அப்பாவும் நானும் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தோம். "சோறு ஆச்சா", "ஆச்சுப்பா", "படுத்துக்கோ" என்பதைத் தவிர என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் அகப்படவில்லை. துக்கம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. கால் மரத்துப்போனால் இருக்கிறதே, அந்த மாதிரி வீடு முழுக்க மரத்துப்போயிருந்தது.

மூன்று வீடு தள்ளி, மலாக்கா செட்டிகளின் குடியிருப்பான கம்பத்தில் கிராணி நாராயணன் இருந்தார். செட்டிகள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து வேரூன்றியவர்கள். கோயிலும் திருநீறும் நம்முடையவை, வீட்டுப் பேச்சு மட்டும் ஒரு மாதிரி மலாய். நாராயணனுக்குத் தமிழில் தெரிந்தது சாமி பெயர்களும் தின்பண்டங்களின் பெயர்களும்தான். டவுனில் ஓர் அலுவலகத்தில் கிராணி வேலை, குமாஸ்தா என்பார்களே அது, முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை, அக்காவோடு குடியிருந்தார். அந்துப்பூச்சி பிடிப்பது அவருடைய கிறுக்கு. தக்கை பதித்த மரப்பெட்டிகளில் வரிசை வரிசையாக ஊசி குத்தி வைத்திருப்பார்; பக்கத்தில் போனால் கற்பூர வாசனை அடிக்கும். தெருப் பிள்ளைகள் அவருக்குப் "பூச்சிக் கிராணி" என்று பெயர் வைத்திருந்தோம், அவருக்கும் அது தெரியும், சிரித்துக்கொள்வார்.

சுதந்திரம் வரப்போகிறது, குடியுரிமைக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பரபரப்பாக இருந்த நேரம். கைநாட்டு வைக்கிற அப்பாவுக்குப் பாரம் எழுத ஆள் வேண்டும். அப்படித்தான் நாராயணன் ஒரு சாயங்காலம் எங்கள் கொட்டகைக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அப்பா பிறந்த ஊர், கப்பல் ஏறிய வருஷம், அம்மா பெயர் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், அம்மாவின் பெயர் வந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார். அம்மாவுக்காக நிறுத்தினார் என்று நினைத்தேன். இல்லை, அவர் செவலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தேங்காய் மட்டை ஈரமாக இருந்து, கொசுவுக்குப் போடும் புகை மூட்டம் சரியாகப் பிடிக்கவில்லை. செவலையின் வலது கண்ணுக்குக் கீழே, கண்ணீர்க் கோடு இறங்குகிற இடத்தில், கட்டைவிரல் நகமளவு வைக்கோல் நிறத்தில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. செவலை காதை அடித்தாள், இமையை மூடித் திறந்தாள், அது அசையவில்லை.

மறுநாள் அவர் ஒரு வேண்டுகோளோடு வந்தார். கொட்டகையில் புகை போடக் கூடாது. அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேங்காய் மட்டையும் காய்ந்த சாணியும் போட்டு அந்தி நேரத்தில் புகை மூட்டாத மாட்டுக் கொட்டகை அந்தக் காலத்தில் எங்கும் கிடையாது. "பொகை போடாட்டி மாடு நிக்காதுங்க கிராணியாரே, கொசு பிச்சிப் புடுங்கிரும்" என்று பாதி தமிழிலும் பாதி சந்தை மலாயிலும் சொன்னார். நாராயணன் ஒற்றை விரலைக் காட்டி, "சாத்து எக்கோர் சாஜா, பாங்" என்றார், ஒரே ஒரு மாடு போதும், அண்ணே என்று. அப்பா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "நமக்கு எழுதிக் குடுக்குற மனுசன்" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, செவலையை மட்டும் அவிழ்த்துப் புகை எட்டாத தூரத்தில் பலாமரத்தடியில் கட்டினார்.

அவர் வேலை செய்கிற விதம் எனக்கு விநோதமாக இருந்தது. டார்ச் லைட்டின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக் கட்டியிருப்பார். சிவப்பு வெளிச்சம் பூச்சிகளுக்கு உறைக்காதாம். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது என்பதால் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஹ்ரிப் பாங்கு கேட்டதும் எண்ணத் தொடங்கி, இரவுத் தொழுகைக்கு இஷா பாங்கு கேட்டதும் நிறுத்துவது என்று கணக்கு. எத்தனை பூச்சி வந்தது, எந்தக் கண்ணில் உட்கார்ந்தது, எவ்வளவு நேரம் குடித்தது என்று குறித்துக்கொள்வார். பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்துக் கண்ணருகே நீட்டுவார், இளநீர் நனைத்து நீட்டுவார். வைக்கோல் நிறப் பூச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. செவலையின் கண்ணீரையே ஒற்றி எடுத்துக் குச்சியில் சுற்றி நீட்டினால் குச்சிக்கு வந்து உட்காரும். கொசுவர்த்திச் சுருள்போல மடங்கியிருந்த அதன் நாக்கு நீண்டு, இமையின் உள்விளிம்பில் இழைந்து இழைந்து குடிக்கும். மற்ற பூச்சிகள் பூவைத் தேடிப் போகும், பழத்தைத் தேடிப் போகும், இது "ஆயர் மாத்தா" ஒன்றைத்தான் குடிக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டு, கண்ணீர் எது என்று புரிவதற்காகத் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

நாலு வகைப் பூச்சிகள் வந்தன. மூன்றுக்குப் பெயர் இருந்தது. வைக்கோல் நிறத்துக்கு இல்லை. ஒன்றைப் பிடித்து மருந்துப் பஞ்சு போட்ட கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கொன்று, கடல் தாண்டி ஓர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருந்தார். எங்கள் பெட்டிகளில் இந்தப் பூச்சி இல்லை, இன்னும் சில அனுப்பு, என்ன தின்கிறது என்றும் எழுது என்று பதில் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை அவர் அப்பாவிடம் நீட்டிக் காட்டினார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, என்றாலும் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவருக்கு அலுவலகத்தில் வேலை கூடியது. சில நாட்கள் இருட்டிய பிறகுதான் வருவார். அப்போது எண்ணுகிற வேலை என்னிடம் வந்தது. பள்ளிக்கூட நோட்டில் வெறுமையாகக் கிடந்த பக்கங்களில் கோடு கிழித்துக் கிழித்து வைப்பேன். வேலியோரம் சைக்கிளை நிறுத்தும்போதே, "பெராப்பா, அடெக்?" என்பார். எத்தனை, தங்கச்சி என்று அர்த்தம். ஏழு என்பேன், ஒன்பது என்பேன். அவர் முகம் மலரும். நோட்டை வாங்கி, என் கோடுகளை ஒவ்வொன்றாக, ஏதோ அரசாங்கக் காகிதம்போலக் கவனமாகப் பார்ப்பார். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த நாலைந்து மாதத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்த மனிதர் அவர் ஒருவர்தான். நாள் முழுக்க நான் அந்த ஒரு வார்த்தைக்காகச் சாணி வாரினேன் என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. பூச்சிகள் குறைந்தன. மூன்று, இரண்டு, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. நாராயணன் கோபிக்கவில்லை, "தாப்பா, தாப்பா", பரவாயில்லை என்றுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு நோட்டைப் பார்க்கவில்லை. முக்காலியில்கூட உட்காராமல் போய்விட்டார். செவ்வாய்க்கிழமைத் தபாலில் அனுப்ப வேண்டும், கையில் இருப்பது இரண்டுதான், இன்னும் ஒன்றாவது வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. தபால் போய்விட்டால் அவர் வருவதும் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. அம்மா போனதற்கு வராத பயம் அன்றைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கைப்பிடி உப்பைத் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்து, செவலையின் வலது கண்ணில் பிழிந்தேன். கண்ணீர் கொட்டியது. பாங்குக்குப் பாங்கு பதினொரு பூச்சி வந்தன. வைக்கோல் நிறம் மட்டும் வரவில்லை. நாராயணன் நோட்டைப் பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார். எனக்கு அது போதவில்லை.

அப்பாவிடம் மாட்டுக் கண்ணுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. மாட்டுக்குக் கண்ணில் பூ விழுந்தால் வெற்றிலையைக் கல்லுப்போடு மென்று, அந்தச் சாற்றைக் கண்ணுக்குள் "பூ" என்று ஊதுவார். மாடு துள்ளும், அரை மணி நேரத்துக்குத் தாரை தாரையாக நீர் வடியும், இரண்டு நாளில் பூ இறங்கிவிடும். ஊதியதைத்தான் நான் பார்த்திருந்தேன், மடித்ததைப் பார்த்ததில்லை; அதில் சுண்ணாம்பு சேராது என்பது எனக்குத் தெரியாது. அவர் போடுகிற வெற்றிலையைத் தினமும் மடித்துக் கொடுப்பது நான்தான்; ஆகவே வைத்தியத்துக்கும் அதேதான் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை சாயங்காலம், அப்பா புல் அறுக்கப் போன நேரத்தில், வெற்றிலைப் பெட்டியைத் திறந்து இரண்டு வெற்றிலையில் சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவி, பாக்கும் உப்பும் வைத்து வாயில் போட்டு மென்றேன். சுண்ணாம்பு பட்டு நாக்கு பொத்துப்போனது. ஊதிப் பார்த்தேன், என் மோவாயில்தான் வழிந்தது. ஆகவே சக்கையை விரலில் எடுத்து, செவலையின் இமையை விலக்கி உள்ளே தேய்த்தேன். அவள் கத்தவில்லை. மாடு வலித்தால் கத்தும் என்று நினைக்கிறோம். பல நேரம் கத்தாது. கயிறு இறுகும் மட்டும் பின்னால் போய், தலையைப் பலாமரத்தில் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குப் பத்தொன்பது. நாராயணன் நேரத்தோடு வந்திருந்தார், நாங்கள் சேர்ந்தே எண்ணினோம். சிவப்பு வெளிச்சத்தில் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும், கண் சிவந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. இஷா பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் வைக்கோல் நிறப் பூச்சி வந்து உட்கார்ந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் குழாயால் அதை மூடினார். அந்த மனிதர், அலுவலகச் சட்டையோடு, சாணித் தரையில் இரண்டு முறை குதித்தார். நானும் சிரித்தேன். அம்மா போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

காலையில் செவலையின் வலது கண் வீங்கி மூடியிருந்தது. அப்பா இமையை விலக்கிப் பார்த்தார். கருவிழி இருந்த இடம் அவித்த முட்டையின் வெள்ளைபோல இருந்தது. அவர் பால் ஊற்றப் போகவில்லை; என் நினைவில் அவர் பால் ஊற்றப் போகாத இரண்டாவது நாள் அது. மதியத்துக்குள் மாட்டு வைத்தியம் பார்க்கிற டிரஸர் வந்தார். செய்தி கேட்டு நாராயணனும் அலுவலகத்திலிருந்து வியர்க்க விறுவிறுக்க சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தார். டிரஸர் கண்ணைக் கழுவிப் பார்த்துவிட்டு, "ரெங்கசாமி, பூச்சி உக்காந்தா இப்பிடி ஆவாது. எதோ காரமான சாமான் பட்டு வெந்துருக்கு. யாராச்சும் என்னாச்சும் வச்சீங்களா?" என்றார்.

நாராயணனுக்கு அந்தத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, ஆனால் அவர் புத்தி நேராக என்னிடம் வந்து நின்றது. என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, மிரட்டாமல், "அடெக் ஆடா தாரோ ஆப்பா-ஆப்பா?" என்று கேட்டார். ஏதாவது போட்டாயா, தங்கச்சி? அவருக்கு அந்தப் பதில் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். இந்தப் பூச்சி கண்ணீரைக் குடிக்கிறதா, கண்ணையே கெடுக்கிறதா என்பதுதான் அன்றைய தபாலில் அவர் எழுத வேண்டிய விஷயம். நான் வாயைத் திறந்து, "தாடா" என்றேன். இல்லை.

திறந்த வாயை அப்பா பார்த்துவிட்டார். உதடு வெந்து, நாக்கு சிவந்து கிடந்தது. அவர் பார்வை என் வாயிலிருந்து சுவரோரம் இருந்த வெற்றிலைப் பெட்டிக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு எனக்கும் நாராயணனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"யாரும் ஒண்ணும் வைக்கல. இந்தப் பூச்சிதான் கெடுத்துச்சு. நம்ம புத்தியதான் செருப்பால அடிக்கணும், பொகைய நிறுத்தச் சொன்னதும் நிறுத்துனேன் பாரு. போங்க கிராணியாரே. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க." அதே வார்த்தைகளை மலாயிலும் சொன்னார், தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதுபோல. நாராயணன் எழுந்தார். "மாஆஃப், பாங்" என்றார். மன்னியுங்கள், அண்ணே. அவர் மன்னிப்புக் கேட்டார், எங்களிடம். பலாமரத்தடியில் கிடந்த டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

அப்பா என்னை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அன்று சாயங்காலம் செவலையைக் கொட்டகைக்குள் பழைய இடத்தில் கட்டி, ஐந்து மாடுகளுக்கும் சேர்த்துப் புகை மூட்டினார். வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் வெற்றிலை போடவில்லை. பல்லுக்கு ஆகவில்லை என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டார்; அது அவருடைய இரண்டாவது பொய்.

பூச்சிக் கிராணி எழுதிய பாரம் அவரிடமே இருந்தது. இனி அது எங்கே போகும் என்று நினைத்தோம். மெர்டேக்கா முடிந்து, கொடி ஏற்றி, ஊர்வலம் போய், எல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் அப்பாவின் குடியுரிமைக் காகிதம் தபாலில் வந்தது. நாராயணன் அதை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அப்பா அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். மூன்று வீடு தள்ளி இருந்தவரிடம் போய் ஒரு நன்றி சொல்ல அவரால் முடியவில்லை. போனால் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அது என்னைப் பற்றியது. செவலையை அவர் கடைசிவரை விற்கவில்லை. வலது பக்கம் சுவர் இருக்கும்படி கட்டுவார்; அந்தப் பக்கத்திலிருந்து யாராவது திடீரென்று தொட்டால் அவள் மிரண்டுவிடுவாள்.

அடுத்த வருஷம் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன், படித்தேன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆனேன். நாராயணன் மூவாருக்கு மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து, சில வருஷத்தில் இறந்துபோனார். துக்கத்துக்குப் போனேன். அவர் அக்கா, நன்றாகத் தளர்ந்துபோயிருந்தவர், என்னை யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தச் சிவப்பு மாட்டைப் பற்றித் தம்பி அடிக்கடி வருத்தப்படுவான், அதற்குப் பிறகு உயிருள்ள மாட்டுப் பக்கம் அவன் போனதே இல்லை என்று மலாயில் சொன்னார். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி இல்லை, சொன்னாலும் கேட்க ஆளில்லை. காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

போன வருஷம் புக்கிட் காதிலில் என் வீட்டைத் தேடி ஒரு பெண் வந்தாள். யாழினி என்று பெயர், பல்கலைக்கழகத்தில் அந்துப்பூச்சிகளை ஆராய்ச்சி செய்கிறாள். அந்த அருங்காட்சியகத்தில் நாராயணன் அனுப்பிய பூச்சிகளோடு ஒரு சீட்டு இருக்கிறதாம். காஜா பேராங், பால்காரர் ரெங்கசாமியின் பசு என்று அதில் எழுதியிருக்கிறதாம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, கோயில் கோயிலாக விசாரித்து என்னிடம் வந்து சேர்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, அந்தப் பூச்சிக்கு அங்க வச்ச சயின்ஸ் பேருக்கு என்னா அர்த்தம் தெரியுமா? குருடாக்குறதுன்னு அர்த்தம். உங்க மாட்டுக் கண்ணக் கெடுத்துச்சுன்னு அவரு எழுதியிருக்காரு, அத நம்பித்தான் அந்தப் பேரே வச்சாங்க. நானு எருமைக் கொட்டாயில ரெண்டு வருசமாப் பாக்குறேன். ஒரு எருமைக்குக்கூட ஒண்ணும் ஆகல. அன்னைக்கு என்னாதான் நடந்துச்சு?"

சொன்னேன். உப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அறுபது வருஷத்துக்கு மேல் ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சொன்னதும் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. பேரை மாற்றிவிடலாமா என்று மட்டும் கேட்டேன்.

"மாத்த முடியாது, ஆன்ட்டி. மொத மொத வச்ச பேருதான் நிக்கும், தப்பா இருந்தாலும். அதான் ரூல்சு. வேணும்னா உண்மைய எங்கயாச்சும் எழுதி வைக்கலாம்" என்றாள்.

அவளை அழைத்துக்கொண்டு காஜா பேராங்குக்குப் போய்வந்தேன். எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் கார் பழுது பார்க்கும் பட்டறை இருக்கிறது. பலாமரம் இல்லை. டவுனுக்குள் மாடு வளர்க்கக் கூடாது என்று சட்டம் வந்து, ஊரில் கடைசிப் பசுவும் போய் எத்தனையோ காலமாகிறது. பால் பெட்டியில் அடைத்துக் கடையில் கிடைக்கிறது. மாடு இல்லாத ஊரில் அந்தப் பூச்சிக்கு வேலையில்லை. இங்கே அதை யாரும் பார்த்ததில்லை என்றாள் யாழினி. அப்பா இல்லை, நாராயணன் இல்லை, அந்த டிரஸரும் இல்லை. அன்றைக்கு அந்த மரத்தடியில் நின்றவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம்.

ஆகவே எழுதி வைக்கிறேன். அந்தப் பூச்சி செவலையின் கண்ணீரைக் குடித்தது, அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. கண்ணைக் குருடாக்கியது ரெங்கசாமி மகள் அஞ்சலை.